பிறந்தநாள் பாட்டுக்குள் இருந்த பேய்: ஒரு விஹெச்எஸ் டேப்பைக் கணினிக்கு ஏற்றிய கதை

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் பக்கம் ஒரு வீட்டு எஸ்டேட் சேலில் 5 டாலருக்கு ஒரு அட்டைப்பெட்டி வாங்கினேன், உள்ளே 11 விஹெச்எஸ் வீடியோ கேசட். வீட்டுக்காரர் இறந்த பிறகு மொத்தச் சாமானையும் விலைச்சீட்டு ஒட்டி வாசலைத் திறந்து விடுவார்கள் இங்கே, சட்டி பானையிலிருந்து பைபிள் வரை. நான் போனது ஒரு சாலிடரிங் ஸ்டேஷனுக்காக. அது ஏற்கெனவே விற்றுப் போயிருந்தது. பெட்டியைக் கிளறியபோது ஒரு கேசட்டின் முதுகில் பால்பாயின்ட் பேனாவில், சாத்தான் கருத்தரங்கு, 1989, பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யாரோ யாரிடமோ வாங்கித் திருப்பித் தரவே இல்லை என்பது மட்டும் உறுதி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1980களில் அமெரிக்காவில் ஒரு பெரிய சாத்தான் பீதி ஓடியது. ஊர் ஊராக ரகசிய சாத்தான் வழிபாட்டுக் குழுக்கள் இருக்கின்றன, குழந்தைகளைக் கடத்துகிறார்கள், நரபலி கொடுக்கிறார்கள் என்று படித்தவர்களே நம்பினார்கள். கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் ஒரு தாயின் புகாரில் தொடங்கி 1990இல் ஒருவர்மீதும் குற்றம் நிரூபணமாகாமல் முடிந்தது. 1988 அக்டோபரில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஹெரால்டோ ரிவேரா இரண்டு மணி நேரம் தேசியத் தொலைக்காட்சியில் இதைப் பற்றியே ஒரு சிறப்பு நிகழ்ச்சி நடத்தினார், நாடே உட்கார்ந்து பார்த்தது. ஆனால் பீதி வீடு வீடாகப் போனது டிவியில் மட்டும் இல்லை, இந்த மாதிரிக் கேசட்டுகளிலும்தான். ஏதோ ஒரு சர்ச் ஹாலில் யாரோ பேசுவார், இன்னொருவர் காம்கார்டர் என்ற வீடியோ கேமராவில் பிடிப்பார், இரண்டு டெக்கை, அதாவது கேசட் ஓட்டும் விசிஆரை, கம்பியால் இணைத்துப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். இன்றைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு அன்று கால் கிலோ எடையில் இருந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

பதினொன்றில் இரண்டில் பூஞ்சை. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும், சுருளின் மேல் விளிம்பில் மாவு தூவின மாதிரி வெள்ளை. இதை அப்படியே டெக்கில் சொருகினால் அந்தப் பூஞ்சை டெக்குக்கும் போகும், அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் போகும். அந்த இரண்டையும் ஜிப் கவரில் போட்டு மூடி கராஜில் வைத்துவிட்டேன், அதற்கு ஒரு நாள் மாஸ்க்கும் பொறுமையும் வேண்டும். நல்லவேளையாகக் கருத்தரங்கு கேசட்டில் பூஞ்சை இல்லை. பழைய டேப்புக்கே உரிய லேசான மக்கல் வாசனை மட்டும், நம் ஊர் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அது.

முதல் தவறு என்னுடையது. அழுக்கு டேப்பை ஓட்டிப் பார்க்கவென்றே ஒரு 80களின் டெக் வைத்திருக்கிறேன், எஸ்-விஹெச்எஸ் என்ற உயர்தர டெக்கில் போடும் முன் இதில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டினால் சுருள் இறுக்கம் சீராகும். ஆனால் அந்த டெக்கையே ஒரு வருடமாக ஓட்டியிருக்கவில்லை. கேசட்டை வாங்கிக்கொண்டது, பத்து நொடி ஓடியது, அப்புறம் ஒரு கரக் முரக். எஜெக்ட் அழுத்தினால் கேசட் வெளியே வருகிறது, டேப் உள்ளேயே குடல் மாதிரித் தொங்குகிறது.

இந்தக் காட்சி எனக்குப் புதிதில்லை. காரைக்குடியில் என் மாமா கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், கடையில் நான் பள்ளி விடுமுறைகளில் கேசட் ரீவைண்ட் பண்ணும் உத்தியோகம் பார்த்திருக்கிறேன். டேப் சிக்கினால் முதலில் ஒயரைப் பிடுங்கு, அவசரப்பட்டு இழுக்காதே, மேல்மூடியைக் கழற்றி மோட்டாரைக் கையால் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவி என்பார். (அவரே ஹெட், அதாவது டேப்பைப் படிக்கும் காந்த முனை, துடைப்பது மொடமொடவென்றிருக்கும் புது ரூபாய் நோட்டால். அதை மட்டும் நான் பின்பற்றுவதில்லை.)

மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. டேப்பை வாங்கிச் சுருட்ட வேண்டிய வலது பக்க ரீல் சுற்றவே இல்லை. இரண்டு ரீலுக்கும் நடுவே ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது, ஐட்லர் என்பார்கள், அதன் ரப்பர் வளையம் முப்பத்தைந்து வருடத்தில் கல்லாகிப் பளபளவென்று வழுக்குகிறது. டேப்பை நகர்த்தும் தண்டான கேப்ஸ்டன் இந்தப் பக்கம் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் வாங்க ஆள் இல்லை, டேப் போக இடமில்லாமல் உள்ளே குவிகிறது. ரப்பரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் தற்காலிகமாகப் பிடிக்கும். நான் அளவு பார்த்து ஒரு புது வளையமே போட்டுவிட்டேன், இரண்டு டாலர் சமாச்சாரம்.

டேப்பில் சுமார் ஒரு கை நீளம் கசங்கிப்போய், நடுவில் ஓரிடத்தில் பாதி கிழிந்தும் இருந்தது. கேசட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ, கழற்றினால் இரண்டு ஓடாகப் பிரியும். உள்ளே இருக்கும் குட்டி உருளைகளும் ஸ்பிரிங்கும் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன என்று முதலில் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொருத்தும்போது ஒன்று மிஞ்சும். கிழிசலை நேராக வெட்டி, இதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப் என்ற ஒட்டுநாடாவால் ஹெட் தொடாத பக்கத்தில் ஒட்டினேன். வீட்டில் இருக்கிறதே என்று செல்லோ டேப்பை எடுக்காதீர்கள், சூட்டில் அதன் பசை கசிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும், ஹெட் போனால் டெக்கே போன மாதிரி. இன்றைக்குப் புது டெக் வாங்க வழியில்லை, ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியதோடு உலகத்தில் விசிஆர் உற்பத்தியே முடிந்துவிட்டது. ஒட்டு போட்ட இடத்தை ஹெட்மேல் ஓட்டவும் இல்லை. அதுவரை பதிவு செய்து, நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்து, ஒட்டைக் கையால் சுற்றிக் கடத்தி, மறுபடி போட்டேன். கசங்கினதையும் சேர்த்து ஒரு நிமிடம் போலப் போயிற்று, பேச்சாளரை அறிமுகம் செய்கிற இடம்தான், பரவாயில்லை.

பதிவு செய்கிற பக்கம். முதலில் டெக்கின் சிக்னலைக் கணினிக்கு ஏற்றும் பத்து டாலர் யுஎஸ்பி டாங்கிள் ஒன்றில் முயன்றேன், படம் அரை மணியில் ஒலியைவிட்டு விலகிப் போய்விட்டது, பேச்சாளர் வாயை மூடிய பிறகு பேச்சு வருகிறது. காரணம் டாங்கிளின் மலிவு மட்டும் இல்லை. விஹெச்எஸ்ஸில் ஒவ்வொரு கோடும் எப்போது தொடங்குகிறது என்பதே ஆட்டம் காணும், டேப் நீள்வது சுருங்குவது எல்லாம் நேரக் கணக்கைக் கலைக்கும். பழைய டிவிக்கு அது பிரச்சினை இல்லை, சமாளித்துக் காட்டிவிடும். கணினி கறார் பேர்வழி, கணக்கு இடித்தால் ஃப்ரேமையே தூக்கிப் போட்டுவிடும். அதனால் நடுவில் இந்த ஆட்டத்தைச் சரிசெய்ய ஏதாவது வேண்டும். முறையான டைம் பேஸ் கரெக்டர் விலை கையைக் கடிக்கும். பலர் செய்வதுபோல் நானும் பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்15 என்ற பழைய டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்தேன், அதில் எதையும் பதிவு செய்வதில்லை, சிக்னல் உள்ளே போய் நிமிர்ந்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து எஸ்-வீடியோ கம்பியில் ஜிவி-யுஎஸ்பி2 என்ற பதிவுக் கருவி, கணினியில் விர்ச்சுவல்டப் மென்பொருள், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி என்ற இழப்பில்லாத கோடெக், படம் 720க்கு 480 புள்ளி. மணிக்கு 30–40 ஜிபி தின்னும். ஹார்ட் டிஸ்க்கைக் காலி பண்ணிவிட்டு உட்காருங்கள்.

இந்தக் கேசட் டி-120. எஸ்பி என்ற சாதாரண வேகத்தில் 2 மணி நேரம், ஈபி என்ற மெதுவான வேகத்தில் 6 மணி நேரம் பிடிக்கும். (எஸ்பி, ஈபி என்றதும் எனக்கு இன்னும் போலீசும் கரண்ட் ஆபீசும்தான் ஞாபகம் வருகிறது.) கருத்தரங்கு முழுக்க ஈபி, அதாவது காசை மிச்சம் பிடிக்க டேப்பை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பதிந்தது. அதனால் ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங் குமிழைத் திருகித் திருகி ஒரு நூலளவு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது, கொஞ்சம் தவறினால் படத்தின் அடியில் புள்ளி மழை. ஒலி பழைய லேண்ட்லைன் ஃபோன் மாதிரி. இது மூலப் பதிவும் இல்லை, பிரதியின் பிரதியாவது இருக்கும்: படத்தின் அடியில் ஹெட் மாறுகிற இடத்தில் விழும் கோணல் கோடு, பதிவுக்குள்ளேயே இன்னும் இரண்டு அடுக்கு தெரிகிறது, ஒவ்வொரு டெக்கும் தன் கைரேகையை விட்டுப் போயிருக்கிறது. சிவப்பு நிறம் எல்லாம் வலப்பக்கம் வழிந்து, பேச்சாளரின் டை அவர் சட்டைக்கு வெளியே தொங்குகிறது.

கருத்தரங்கு எப்படி என்றால், மடக்கு நாற்காலிகள், ஓவர்ஹெட் புரொஜெக்டர், முன்னாள் போலீஸ்காரர் என்று அறிமுகமாகிற ஒருவர். உங்கள் பிள்ளை சாத்தான் வலையில் விழுந்துவிட்டான் என்பதற்கான அறிகுறிகளை ஒவ்வொரு தாளாக வைத்துக்கொண்டே போகிறார். கறுப்புச் சட்டை, ஹெவி மெட்டல், மெழுகுவர்த்தி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு, நோட்டில் கிறுக்கிய நட்சத்திரம், அறைக் கதவைச் சாத்திக்கொள்வது. சமாதானச் சின்னம்கூட உடைந்த சிலுவையாம். பதினைந்து வயதில் என் அறையில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் தவிர இதில் முக்கால்வாசி இருந்தது.

மழலையர் காப்பகங்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றது. இந்த டேப் கிடைத்த இதே மாநிலத்தில், ஆஸ்டின் பக்கம் ஓக் ஹில்லில், வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்திய ஒரு கணவன் மனைவியை இதே மாதிரிக் குற்றச்சாட்டில் 1992இல் தண்டித்தார்கள், ஆளுக்கு 48 வருடம். ஒரே மருத்துவச் சான்று சொன்ன டாக்டர் பின்னால் நான் பார்த்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். 21 வருடம் உள்ளே இருந்துவிட்டு 2013இல் வெளியே வந்தார்கள், நிரபராதிகள் என்று 2017இல்தான் அறிவித்தார்கள். அவர்களைத் தண்டித்த அதே 1992இல்தான் எஃப்பிஐயின் கென்னத் லானிங், இத்தனை வருடம் விசாரித்தும் இந்தக் கூட்டு நரபலிக் கதைகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று போலீசாருக்கான அறிக்கையிலேயே எழுதினார்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். பதிவை ஓடவிட்டுப் பக்கத்தில் வேறு வேலை பார்ப்பது என் வழக்கம், ராத்திரி ஒரு மணி இருக்கும். பேச்சாளர், குரல் மாறும், அந்தக் குரல் அந்தப் பிள்ளையுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், பேய் பிடித்தவர்களைப் பற்றி. வாக்கியம் முடியவில்லை. திரை கலைந்து முழுக்கக் கோடுகள், ஸ்பீக்கரில் அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல். இழுத்து இழுத்து, பல பேர் சேர்ந்து, ஏதோ சொல்கிற மாதிரி, ஐந்து நொடி இருக்கும். கையில் இருந்த டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. நான் சாமியே கும்பிடாத ஆள். ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது உண்மை.

அப்புறம் கோடுகள் சட்டென்று நின்றன, படம் வந்தது. ஒரு டைனிங் டேபிள், கேக், நாலு மெழுகுவர்த்தி, காகிதத் தொப்பி போட்ட ஏழெட்டுக் குழந்தைகள் ஹேப்பி பர்த்டேயின் கடைசி வரியில் இருக்கிறார்கள். படமும் எவ்வளவு தெளிவு! கருத்தரங்குக்குப் பிறகு இதைப் பார்ப்பது கண்ணாடி துடைத்த மாதிரி.

ஐந்து நிமிடம் கழித்துத்தான் மண்டைக்கு எட்டியது. டேப் எந்த வேகத்தில் பதிவானது என்று டெக்குக்கு யாரும் சொல்வதில்லை, டேப்பின் ஓரத்தில் ஓடும் கன்ட்ரோல் டிராக்கின் துடிப்புகளை எண்ணி அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். நடுவில் வேகம் மாறினால் கண்டுபிடிக்கச் சில நொடி ஆகும். வீட்டில் யாரோ காம்கார்டருக்கு வெற்றுக் கேசட் தேடிக் கிடைக்காமல், மேசையில் கிடந்த சாத்தான் கேசட்டை அதில் சொருகிப் பிறந்தநாளைப் பதிந்திருக்கிறார்கள். காம்கார்டர் எஸ்பி வேகம். என் டெக் இன்னும் ஈபியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. ஆகவே குழந்தைகள் பாட்டு மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், ஒன்றரை ஆக்டேவுக்கும் கீழே இறங்கி வந்தது. அந்த ஐந்து நொடியை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி வேகத்தை மூன்று மடங்காக்கினேன். ஒன்றரை நொடி. டு யூ, அதோடு யாரோ கைதட்டும் சத்தம். அவ்வளவுதான் பேய்.

இன்னொன்றும் கவனித்தேன். சாதாரண டெக்கில் பழையதன்மேல் புதியதைப் பதிந்தால் தொடக்கத்தில் சில நொடி வானவில் மாதிரி நிறங்கள் ஓடும், ஏனென்றால் அழிக்கும் ஹெட், பதியும் ஹெட்டுகள் உள்ள சுழல் உருளையான டிரம்முக்கு முன்னால் தள்ளி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள துண்டு டேப் சரியாக அழியாமல் போகும். இங்கே அந்த வானவில் இல்லை, வெட்டு சுத்தம். டிரம்மிலேயே அழிக்கும் ஹெட் வைத்த கருவியில்தான் அப்படி வரும். காம்கார்டர் என்ற என் ஊகத்துக்கு அது ஒரு சாட்சி, திரை மூலையில் பொடி எழுத்தில் தெரிந்த தேதி இன்னொன்று. 1990, ஈஸ்டருக்கு முந்தைய நாள். அதாவது ஏப்ரல் 14, நமக்கு வருடப்பிறப்பு.

பிறந்தநாள் 20 நிமிடம் ஓடுகிறது. எஸ்பி வேகத்தில் 20 நிமிட டேப் என்றால் ஈபி கணக்கில் ஒரு மணி நேரம், ஆக அந்தக் கேக்கும் பலூனும் சாத்தானில் ஒரு மணி நேரத்தைச் சாப்பிட்டுவிட்டன. முடிகிற இடத்தில் உல்டா: டெக் எஸ்பியில் ஓடிக்கொண்டிருக்க, ஈபி பதிவு மூன்று மடங்கு வேகத்தில் வருகிறது. அந்தக் கம்பீரமான முன்னாள் போலீஸ்காரர் மூஞ்சூறு குரலில் கீச்சு கீச்சென்று நரகத்தைப் பற்றி நாலு நொடி பேசிவிட்டு மறுபடி ஆண்குரலுக்கு இறங்குகிறார். இதை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மிச்சமிருந்த பகுதியில் பின்னோக்கிப் பாடவிடும் வித்தை. ராக் பாட்டுகளைத் தலைகீழாக ஓட்டினால் சாத்தானைப் போற்றும் செய்தி கேட்கும் என்பது அந்தக் காலத்துப் பெரிய நம்பிக்கை. பேச்சாளர் ஒரு பாட்டைப் பின்னோக்கி ஓட்டுகிறார், ஆனால் ஓட்டும் முன்பே கேட்க வேண்டிய வாக்கியத்தைப் புரொஜெக்டரில் வைத்துவிடுகிறார். ஹாலில் ஒரே ஆஹா ஓஹோ. எனக்கும் தெளிவாகவே கேட்டது. ஒலியை மட்டும் தனியே எடுத்து, ஒன்றும் சொல்லாமல் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். யாரோ மலையாளத்தில் வாய் கொப்பளிக்கிறார்கள் என்றாள். வாக்கியத்தைச் சொன்ன பிறகு மறுபடி போட்டேன். அட, ஆமாம், கேட்கிறதே! அதற்கப்புறம் கேட்காமல் இருக்க முடியவில்லையாம். கனடாவில் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வோக்கி, ரீட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே முறைப்படி சோதித்து 1985இல் வெளியிட்டிருக்கிறார்கள், சொல்லிக்கொடுத்தால் கேட்கும், சொல்லாவிட்டால் கேட்காது. அப்படியும் 1990இல் ரீனோ நகரத்தில் ஜூடாஸ் பிரீஸ்ட் இசைக்குழுவை இந்த மாதிரி மறைசெய்திக்காக நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குழுவே ஜெயித்தது.

பதிந்த வீடியோ கோப்பை என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் போனது. இழப்பில்லாத மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டேன். பார்ப்பதற்கான பிரதியில் கியூடிஜிஎம்சி என்ற மென்பொருள் கொண்டு இன்டர்லேஸை, அதாவது ஒன்றுவிட்டு ஒரு கோடாகப் பின்னிய இரண்டு அரைப்படங்களை, மட்டும் பிரித்தேன், நொடிக்கு 59.94 ஃப்ரேம், அசைவு வழுவழுவென்று வருகிறது. ஏஐ வைத்து முகங்களைக் கூர்மையாக்கலாமே என்று நண்பன் சொன்னான். செய்து பார்த்தேன், பேச்சாளருக்கு இல்லாத பல்லெல்லாம் முளைத்தது, அழித்துவிட்டேன். படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கவும் மனம் வரவில்லை. எத்தனை டெக் தாண்டி வந்தது என்பதற்கு அந்தப் புள்ளியும் வழிசலும்தான் கணக்கு, அதைத் துடைத்தால் டிவி ஸ்டுடியோவில் எடுத்த மாதிரி ஆகிவிடும், அது பொய்.

பிறந்தநாள் எனக்குச் சொந்தமானதில்லை. அதைத் தனியாக வெட்டி, விற்பனையை நடத்தியவர்கள் மூலமாகக் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெண் கூப்பிட்டார், தொப்பி போட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். கருத்தரங்கு வேண்டாமாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பேச்சுவாக்கில் உறுமல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஐந்து நொடியையும் முன்னால் சேர்த்து அனுப்பச் சொன்னார், தம்பியைப் பயமுறுத்த வேண்டுமாம்.

பென்டிரைவ் அவருக்கு அனுப்பியாயிற்று. கேசட்டை ரீவைண்ட் பண்ணி, படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்து அந்தப் பூஞ்சைக் கேசட் இரண்டும். ஒன்றின் லேபிளில் ஹெரால்டோ, அக்டோபர் 88 என்று இருக்கிறது. மாஸ்க் வாங்க வேண்டும்.